உடற்கடிகாரமும் கால்நடை மருத்துவமும்

கதிரவன் எழுமுன் சேவல் கூவுகின்றது. கீழ்வானத்து வெளிச்சத்தைக் கண்டே அது கூவுகின்றது என்று கருதுவார் பலர். ஜப்பான் நாட்டு நகோயாப் பல்கலைக்கழக அறிஞர் இருவர், சேவல்களை எந்நேரமும் மாறாத மங்கிய ஒளியில் வைத்து ஆராய்ந்தனர். இரவும் பகலும் புலப்படாத அவ்விடத்திலும் அவை பல நாட்கள் விடியற்கூவலைத் தவறாது தொடர்ந்தன. பொழுதைக் காட்டும் கருவி சேவலின் உடலுக்குள்ளும் உண்டு என்பதை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு புலப்படுத்தியது.

இவ்வுடற்கடிகாரம் உயிரணுக்களுள் இயங்கும் முறையைப் பழ ஈயைக் கொண்டு விளக்கிய அமெரிக்க அறிஞர் மூவர், 2017-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பெற்றனர். ஈயிடம் கற்ற அவ்வறிவு மனிதர் மருத்துவத்தில் இன்று பெரிதும் பேசப்படுகின்றது. மாட்டுத் தொழுவத்திலோ அது இன்னும் போதிய அளவு நுழைந்திலது. வாயில்லா உயிர்களுக்கே அது மிகுதியும் வேண்டப்படுவது.

மனிதன் தன் நோயைத் தானே கூறுவான், மாடு கூறாது. ஆதலின், கால்நடை மருத்துவர் வெப்பமானியையும் குருதிச் சோதனையையும் பெரிதும் நம்ப வேண்டியவராகின்றார். அவை காட்டும் அளவுகளோ வேளைக்கு வேளை மாறுவன. பசுவின் உடல்வெப்பம் விடியலில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும். நீரின்றி வாடும் ஒட்டகத்திடம் இம்மாற்றம் மிகப் பெரிது. விடியலில் 34 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழும் அதன் வெப்பம், பிற்பகலில் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. வேளையைக் கருதாது அளப்பவர், காய்ச்சலில்லாத ஒட்டகத்திற்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிடக்கூடும்.

நாய்களைப் பற்றும் இதயப்புழுவின் நுண்புழுக்கள், கொசுக்கள் கடிக்கும் மாலையிலும் இரவிலும் தோலையடுத்த குருதிக் குழாய்களில் பொதுவாக மிகுந்து காணப்படும். யானைக்கால் நோயைக் கண்டறிய மக்களிடம் இரவில் குருதி எடுக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பலரும் அறிவர். அங்ஙனமிருக்க, காலையில் எடுத்த ஒரு துளியில் புழுவைக் காணாமையால் நாய்க்கு நோயில்லை எனத் துணிதல் முறையாகுமோ? மருத்துவக் குறிப்பேட்டில் நாளோடு மணியையும் எழுதுதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது மையே.

நோயைக் காண்பதற்கு மட்டுமன்றி, இடரைத் தவிர்ப்பதற்கும் வேளை துணைபுரியும். நள்ளிரவில் ஈனும் பசுவின் கன்று வயிற்றில் புரண்டு கிடந்தால், அவ்வேளையில் உதவுவார் அரியர். விடிந்து மருத்துவர் வருமுன் கன்று இறந்துவிடும். சில வேளைகளில் பசுவும் பிழைப்பதில்லை. கனடா நாட்டின் மானிட்டோபா மாநிலத்தில் கோனெஃபால் என்னும் மாட்டுப் பண்ணையாளர், 1970-களில் இதற்கு எளியதொரு வழி கண்டார். சினைப் பசுக்களுக்குக் காலையிலும் பிற்பகலிலும் தீனியிடுவதை விடுத்து, நண்பகலையொட்டி ஒருமுறையும் இரவு 10 மணியளவில் ஒருமுறையும் இட்டார். கன்றுகளில் பெரும்பாலானவை பகலிலேயே பிறந்தன. பின்னர் வேறு பண்ணைகளிலும் இம்முறை ஆராயப்பட்டது. பயன் எங்கும் ஒரே அளவில் இல்லையெனினும், பகற்கன்றுகள் பெருகியதைப் பலர் கண்டனர். இரவில் தீனியிடுதல் தொல்லை என்பாரும் உளர். உதவியின்றி இருளில் கன்றை இழுத்தெடுத்தல் அதனினும் பெருந்தொல்லை அன்றோ?

கோழிகளின் நிலை வேறு. அவற்றிடமிருந்து இரவே பறிக்கப்படுகின்றது. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி நன்மை தரும். ஆயின், இறைச்சிக்கு வளர்க்கும் கோழிகள் ஓயாது தின்று பருக்க வேண்டும் என்று இரவெல்லாம் விளக்கெரிப்போர் உண்டு. உறக்கமின்றி விரைந்து பருத்த பறவையின் கால் நலிகின்றது; நெஞ்சும் தளர்கின்றது. மருந்தினால் இக்கேட்டை மாற்ற முயல்வது வீண். ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டில் இயற்றிய விதி, வளர்ப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சில நாட்கள் நீங்கலாக, இக்கோழிகளுக்கு நாள்தோறும் 6 மணி நேர இருளும், அதில் 4 மணி நேரமேனும் இடையறாத இருளும் வேண்டும் என்கின்றது. அத்தகைய விதி இல்லாத நாட்டிலும், விளக்கை அணைக்கப் பண்ணையாளருக்குத் தடையேதும் இல்லை.