பறையோடு வந்த போதகர்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. பெருமுக்கல், திண்டிவனம் பக்கத்துச் சபைகளில் கீபோர்டும் டிரம்செட்டும் வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். பாமாலை உண்டு, கீர்த்தனை உண்டு, சினிமா மெட்டில் புதுப்பாட்டும் உண்டு. சாவுக்கும் திருவிழாவுக்கும் தெருவில் அதிரும் பறை மட்டும் பல தேவாலயங்களில் வாசலோடு நின்றுவிடுகிறது. அதை உள்ளே அழைத்துவந்த ஒரு போதகரைப் பற்றி இந்த மாதம் எழுதத் தோன்றியது.

பெயர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தினார். பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டினார். மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் பழகிய, படித்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அப்படிப்பட்டவர் நாட்டுப்புறப் பாட்டின் பக்கம் திரும்பினார். பாமாலையைப் பாடப் புத்தகம் வேண்டும், கீர்த்தனைக்குப் பயிற்சி வேண்டும். வயலில் நாற்று நடுகிறவர் இரண்டும் இல்லாமல் பாடுகிறார், தன் கஷ்டத்துக்கு ஏற்பச் சொல்லை மாற்றியும் பாடுகிறார். சாமியிடம் பேச இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. கிராமிய மெட்டில் முழு ஆராதனை முறையையே எழுதினார். அதில் கடவுள் தந்தை மட்டுமல்ல, தாயும் தந்தையுமான பெற்றவர்.

அவர் அடிக்கடி பேசிய இன்னொன்று, ஒரே உலை. அண்ணன் தம்பி தனி உலை வைத்துவிட்டால் குடும்பம் பிரிந்ததாக அர்த்தம். சாதியும் யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்ற கணக்கில்தானே உயிர் வாழ்கிறது? ஆகவே ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதில் அவர் திருவிருந்தைக் கண்டார். வேதப் புத்தகத்தைச் சேரியின் அடுப்படியிலிருந்து வாசித்த இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பறைக்கு வருவோம். அதை விட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப்பிணத்துக்கு அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுபட எத்தனையோ குடும்பங்கள் அதைக் கீழே வைத்தன. இனி தொடவே மாட்டேன் என்பவருக்கும் நியாயம் இருக்கிறது. அப்பாவு எடுத்த பறை கூலிக்கும் கட்டளைக்கும் அடித்தது அல்ல. அந்த வித்தியாசம் பெரிது.

அவர் தனியாள் அல்ல. 1981இல் பெங்களூரில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு விதை போட்டார். 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில், பின்னாளில் சென்னைப் பேராயரான எம். அசரியா தலித் கிறிஸ்தவர்களின் இரட்டை ஒடுக்குமுறையைப் பேசினார். அதற்குச் சுமார் நூறாண்டு முன்பே பக்கத்துச் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரு போன்ற மிஷனரிகள் நிலமில்லாதவர்களுக்காக அரசுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து தலித்துகளுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் வந்தது.

பாட்டுப் பாடினால் பறிபோன பஞ்சமி நிலம் திரும்பி வருமா என்று கேட்கலாம். வராது. பட்டியல் சாதித் தகுதியை மத அடிப்படையில் வரையறுத்த 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் திருத்தப்பட்டது; கிறிஸ்தவராகும் தலித்துக்கு இன்றும் அந்தத் தகுதி இல்லை. சபைக்குள் நிலைமை? எறையூர் அப்போது நம் விழுப்புரம் மாவட்டம்தான். 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்குத்தளம் கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே பீடத்தின் முன் முழங்காலிட்ட ஊர் அது. அப்பாவு போன்றவர்கள் அரசாங்கத்தோடு மட்டும் சண்டை போடாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரோடும் மல்லுக்கு நின்றது ஏன் என்று எறையூரை நினைத்தால் புரியும். பெரிய கன்வென்ஷன் பந்தல்களில் இந்தப் பேச்சு அதிகம் எழுவதில்லை என்பது என் வருத்தம்.

பெருமுக்கல், மரக்காணம் சாலை ஊர்களில் நடவுப் பாட்டு, களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி பாடத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மதத்தவரானாலும் சரி, அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரோடு பொங்கல் இதழில் வெளியிடுகிறோம். மெட்டை எழுத்தில் பிடிக்க முடியாது. செல்போனில் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்