தோளை உதைக்கும் துப்பாக்கி

கேள்வி: பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் நாலு ஏக்கரில் நெல்லும் கடலையும் போடுகிறேன். அப்பா காலத்து ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கிக்கு பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது. காட்டுப்பன்றி சுட பஞ்சாயத்து வைத்திருக்கும் பட்டியலில் என் பெயரும் உண்டு. ஆனால் ஒரு தடவை சுட்டால் மூன்று நாளைக்குக் கையைத் தூக்க முடிவதில்லை. போன மாதம் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிட்டேன். பன்றி காயத்தோடு ஓடிவிட்டது. இந்த உதையைக் குறைக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அதற்கு முன் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவருக்கு கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அவர் உத்தரவு போட்டால்தான் உரிமம் உள்ளவர் சுடலாம். நம் பக்கம் அப்படி இல்லை. வீட்டில் உரிமத்தோடு துப்பாக்கி இருந்தாலும், பன்றி வந்தால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். உரிமம் என்பது துப்பாக்கி வைத்திருக்கத்தான், விலங்கைச் சுட அல்ல.

இனி உங்கள் விஷயம். வலியைவிட அந்தக் கண்ணை மூடியதுதான் எனக்குக் கவலை. அடிபட்ட பன்றி புதருக்குள் படுத்துக்கொண்டு, மறுநாள் காலை மடை திறக்கப் போகிறவர் மேல் பாயும். உங்கள் பக்கத்து வயல்காரர்களிடம் அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் துப்பாக்கியின் அறையைப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டா. சிக்கல் என்னவென்றால், 70 தோட்டா 65 அறைக்குள் தாராளமாகப் போய்விடும். தோட்டாவின் நீளத்தை அதன் வாய் விரிந்த பிறகுதான் கணக்கிடுவார்கள், சுடாத தோட்டா மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதிக்குள் நீட்டிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். பழைய குழலுக்கு இது ஆபத்து. குழலின் அடிப்பக்கத்தில் அளவு பொறித்திருக்கும். படிக்க முடியாவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அளந்து சொல்வார்கள். அதுவரை சுடாதீர்கள்.

அறை சரியாக இருந்தால், அடுத்தது எடைக் கணக்கு. ரவையும் வாயுவும் முன்னால் போகிற உந்தத்தை துப்பாக்கி பின்னால் வாங்கிக்கொள்கிறது. துப்பாக்கி எவ்வளவு இலகுவோ அவ்வளவு வேகமாக அது தோளுக்கு வரும். இராத்திரி காவலுக்குத் தூக்கிப்போக வசதியான ஒற்றைக்குழல் துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். 2.8 கிலோ துப்பாக்கியில் 400 கிராம் கூட்டினால் உதையின் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறையும். பின்கட்டைக்குள் இருக்கும் போல்ட் துளையில் ஈயக்குண்டைத் துணியில் இறுக்கிக் கட்டி, ஆடாமல் வைப்பது பழைய வழி. தோட்டாவைக் குறைத்தால் பலன் இன்னும் அதிகம். 36 கிராம் ரவைக்குப் பதிலாக அதே வேகத்தில் போகும் 28 கிராம் ரவையைப் போட்டால் உதை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழகுவதற்கு இந்த இலகுத் தோட்டா போதும். பலகையைச் சுடுவதற்குக் கனமான தோட்டா எதற்கு?

மூன்றாவது, பின்கட்டையின் அடி. உங்களுடையது அப்பா காலத்துத் துப்பாக்கி என்பதால் அங்கே இரும்புத் தகடோ கெட்டி பிளாஸ்டிக்கோ இருக்கும். அதைக் கழற்றி இரண்டரை சென்டிமீட்டர் ரப்பர் பேட் போடுங்கள். மூட்டை தூக்குகிறவர் தலையில் சும்மாடு வைக்கிற மாதிரிதான் இது. மூட்டையின் எடை குறைவதில்லை, ஆனால் அது ஒரே இடத்தில் குத்தாமல் பரவுகிறது. பேட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. ரப்பர் அமுங்கும் நேரத்தில் அடி கொஞ்சம் நீண்டு வருவதால் சுள்ளென்று விழாமல் தள்ளுவது போல இருக்கும். தோளில் துண்டை மடித்துப் போடுவது நம் ஊர் பேட். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது குண்டுக்குள் அது நழுவிப் போயிருக்கும்.

பேட் போட்டால் கட்டையின் நீளம் கூடும். ஏற்கெனவே உங்களுக்குச் சரியான நீளம் என்றால், பேட் கனத்துக்குக் கட்டையை அறுக்க வேண்டும். குட்டையாக இருந்தால் அறுக்க வேண்டாம், பேட்டே அதைச் சரிசெய்யும். கட்டை குட்டையாக இருப்பவர்களுக்கு கட்டைவிரல் வந்து மூக்கில் இடிக்கும், அதுதான் அடையாளம். வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள். குழலில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அமெரிக்காவில் கனரக வேட்டை ரைஃபிள்களின் குழல் முனையில் துளையுள்ள பிரேக் மாட்டுகிறார்கள். உதை குறையும், ஆனால் பக்கவாட்டில் சத்தம் காதைக் கிழிக்கும். அதைப் பார்த்து இங்கே குழலைத் துளைப்பதோ அறுப்பதோ வேண்டாம். குழலைக் குட்டையாக்குவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். குட்டையானால் துப்பாக்கியின் எடை குறைந்து உதை கூடத்தான் செய்யும்.

செலவே இல்லாதது பிடிக்கும் முறை. கல்லூரியில் என்.சி.சி.யில் எங்களுக்கு 303 ரைஃபிள் கொடுத்தபோது, உஸ்தாத் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்: தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் காற்று போகக் கூடாது. உதைக்குப் பயந்து கட்டையைத் தள்ளிப் பிடித்தால், அது ஓடிவந்து அடிக்கும். கட்டை காரை எலும்பின் மேலும் இல்லாமல், புஜத்தின் மேலும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் உள்ள சதைக் குழியில் அழுந்த வேண்டும். கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கட்டும். இடது காலை முன்வைத்து உடம்பை லேசாக முன்னே சாய்த்து நின்றால் உடம்பு அடியோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். படுத்தோ மேசையில் சாய்ந்தோ சுட்டால் உடம்புக்கு அசைய இடமில்லை, முழு அடியும் தோளுக்குத்தான்.

கண்ணை மூடுவதற்குப் பாதிக் காரணம் சத்தம். 12 போரின் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் போட்டுச் சுட்டுப் பாருங்கள், உதையே குறைந்தது போலத் தோன்றும். பழக்கம் விட்டதா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. சுடுதளத்தில், கூட இருப்பவர் நீங்கள் பார்க்காமல் சில சமயம் தோட்டாவும் சில சமயம் மருந்தில்லாத டம்மியும் போட்டுத் தரட்டும். டம்மி வந்தபோது குழல்முனை கீழே குத்தினால், பயம் இன்னும் போகவில்லை. அப்படியானால் உங்கள் பெயரைப் பட்டியலில் இருந்து கொஞ்ச நாள் எடுக்கச் சொல்லிவிடுங்கள். பக்கத்து ஊரில் நன்றாகச் சுடுகிறவர் ஒருவர் இருப்பார், அவர் வரட்டும்.

மூன்று நாள் கை தூக்க முடியவில்லை என்கிறீர்களே, அது வெறும் ரத்தக்கட்டு என்றால் ஆறிவிடும். விரல்கள் மரத்துப்போனாலோ, ஒரு வாரத்துக்கு மேல் வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை துப்பாக்கியைத் தோளில் வைக்கக் கூடாது.

அறையின் நீளத்தைப் பார்த்ததும், கட்டை அளவையும் சேர்த்து எழுதுங்கள். பேட் எத்தனை கனம் என்பதை அதற்கேற்பச் சொல்கிறேன்.