பால் சரியா சூடாச்சா? சொல்லப்போகுது நானோ வெளிச்சம்... ஆனா உடனே நம்பலாமா?

கவர் பாலில் 'பாஸ்ச்சரைஸ்டு' என்று அச்சடித்திருப்பார்கள். அது உண்மைதானா என்பதைக் காட்டிக்கொடுப்பது ஒரு நொதி: ஆல்கலைன் பாஸ்படேஸ். கறந்த பாலில் இயல்பாகவே இருக்கும் இது, 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கினால் செயலிழந்துவிடும். பாலில் வரும் முக்கிய நோய்க்கிருமிகளைவிட இது சற்றுக் கூடுதலாகச் சூடு தாங்கும். ஆகவே நொதி மிச்சமிருந்தால், பால் சரியா சூடாகலை, இல்லைன்னா பச்சைப்பால் கலந்துடுச்சுன்னு அர்த்தம்.

இதே நொதி ரத்தத்தில் அதிகரித்தால் கல்லீரல் அல்லது எலும்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நானோ துகள் என்ன செய்யுது?

கார்பன் டாட்ஸ் என்பவை சுமார் 10 நானோமீட்டருக்கும் குறைவான கார்பன் துகள்கள். புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். தாமிர அயனியைச் சேர்த்தால் அந்த வெளிச்சம் மங்கிவிடும். அடுத்து பைரோபாஸ்பேட்டைச் சேர்த்தால், அது தாமிரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் திரும்ப வரும். இப்போ நொதி வந்தால்? பைரோபாஸ்பேட்டை உடைக்கும், தாமிரம் விடுபடும், வெளிச்சம் மறுபடி மங்கும். எந்த அளவுக்கு மங்குதோ, அதை வைத்து நொதியின் அளவைக் கணக்கிடலாம்.

குவாண்டம் டாட்ஸ் போதாதா?

2023-ல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த குவாண்டம் டாட்ஸும் நன்றாகவே ஒளிரும். ஆனால் அவற்றில் பலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. அதனால்தான் கார்பன் பக்கம் பார்வை திரும்பியது.

சிக்கல் எங்கே?

சுத்தமான கரைசலில் கிடைக்கும் முடிவு, பாலிலும் ரத்தத்திலும் அப்படியே கிடைக்கும்னு சொல்ல முடியாது. பாலின் கேசின் புரதம் தாமிரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ-வும் அப்படித்தான். அப்போது நொதி இருந்தும் வெளிச்சம் மங்காமல் போகலாம். கெட்ட பாலுக்கு 'நல்ல பால்' சர்டிபிகேட் கிடைத்துவிடும்!

நொதி இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் பழைய சோதனை ஏற்கெனவே கையில் இருக்கிறது. புதிய சென்சார் அதைவிட வேகமாக, குறைந்த செலவில், நிஜமான பாலிலேயே சரியாகச் சொல்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிந்தது என்பதோடு, எத்தனை முறை தவறியது என்பதையும் ஆய்வாளர்கள் வெளியிடட்டும். குழந்தை குடிக்கும் பால் விஷயத்தில் வெறும் பளபளப்பு போதாது.