ரெய்டு இருக்க பயமேன்?

"வீட்டு நாஸ்ல இடம் தீர்ந்துபோச்சா? கவலையே வேணாம். பழைய டிஸ்க்கை உருவு, பெருசா ஒண்ணு சொருகு, ரீபில்ட் ஆனதும் அடுத்ததை உருவு. நாலு தடவை செஞ்சா இடம் டபுள். டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது, அதான் ரெய்டு இருக்கே!"

இந்த மாதிரி பதிவு அடிக்கடி கண்ணுல படுது. எழுதற நண்பர்கள் நல்ல மனசோடதான் எழுதறாங்க. ஆனா அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, அதை நம்பித்தான் பல பேர் மண்ணைக் கவ்வறாங்க. அடியேனும் கவ்வினவன்தான்.

கணக்கு போட்டே பாப்போம். நாலு டிஸ்க், ஒவ்வொண்ணும் 4 டிபி, ரெய்டு 5. புழங்க 12 டிபி. எல்லாத்தையும் 8 டிபியா மாத்தணும். முதல் டிஸ்க்கை உருவின நிமிஷத்துல இருந்து ரீபில்ட் முடியற வரைக்கும் உங்களுக்கு ரெய்டோட பாதுகாப்பு கிடையாது. இன்னொண்ணு மண்டையைப் போட்டா மொத்தமும் காலி. அந்த நேரம் பாத்துதான் மீதி மூணு டிஸ்க்கையும் ஒரு மூலை விடாம படிக்க வைக்கறோம். செகண்டுக்கு 150 எம்பி வேகத்துல ஓடினாலும் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். ஆமா சாமி, ஏழரையேதான் :-) நடுவுல நாஸ்ல படமும் பாத்தீங்கன்னா ஒரு நாள்கூட இழுக்கும். இந்த கண்டம் ஒண்ணு இல்லை, நாலு.

சாதாரண டிஸ்க் பலதோட விவரத்தாள்ல, நூறு லட்சம் கோடி பிட் படிச்சா ஒரு பிழை வரலாம்னு போட்டிருக்கும். அது 12.5 டிபி. நம்ம ஒரு ரீபில்டுக்கு படிக்கறது 12 டிபி. நிஜத்துல டிஸ்க்குங்க இதைவிட நல்லாவே உழைக்கும், ஒத்துக்கறேன். ஆனா நாலும் ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்கினது. ஒண்ணுக்கு வயசானா மத்ததுக்கும் வயசாச்சுன்னு அர்த்தம்.

"உருவின டிஸ்க்கை திருப்பி சொருகினா போச்சு"ன்னு ஒருத்தர் சொல்வார். உருவினதுக்கு அப்புறம் நாஸ்ல ஒரு ஃபைல் எழுதியிருந்தாலும் அது பழசாயிடும். நாஸ் அதை அப்படியே சேத்துக்காது.

வாங்கற டிஸ்க்லயும் சூது உண்டு. 2020ல ஒரு கூத்து நடந்துச்சு. நாஸுக்குன்னே வித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள்ல, 2 டிபியில இருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர் ரகம்னு அப்புறமாத்தான் வெளிய வந்துச்சு. ஓட்டுக்கூரை மாதிரி ஒரு தடம் மேல இன்னொண்ணு ஏறி உக்காரும். தொடர்ந்து எழுதினா மூச்சு வாங்கும். ரீபில்டுங்கறதே தொடர்ந்து எழுதறதுதானே! சிஎம்ஆரான்னு பாத்து வாங்குங்க.

என் கதை? மூணாவது டிஸ்க் மாத்தும்போது நாலாவது படுத்துடுச்சு. வால்யூமும் அதோட போச்சு. உள்ள இருந்த சினிமா எல்லாம் திரும்ப கிடைச்சுது. கேசட்டுல இருந்து மாத்தி வெச்ச தங்கச்சி கல்யாண வீடியோ கிடைக்கலை. "அதான் ஏத்தியாச்சே"ன்னு கேசட்டை முந்தின வருஷமே தூக்கிப் போட்டவன் நான்தான். கடையையோ கம்பெனியையோ திட்டி என்ன பிரயோஜனம்? அவ இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா தேவலை.

ரெய்டுங்கறது ஒரு டிஸ்க் செத்தாலும் கடையை மூடாம ஓட்டறதுக்கு. அவ்ளோதான். நீங்க தப்பா டெலீட் செஞ்சா அதுவும் சேந்து டெலீட் செய்யும். 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒண்ணு இணையத்துல திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளுக்குள்ள புகுந்து ஃபைலை எல்லாம் பூட்டிட்டு 0.03 பிட்காயின் கேட்டுச்சு. அங்கேயும் ரெய்டு இருந்திருக்கும், கடமை தவறாம பூட்டின ஃபைலை பத்திரமா காப்பாத்தியிருக்கும்!

"ரெய்டு 6 போடு"ங்கறது நல்ல யோசனைதான், ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ஆனா டெலீட்டுக்கும் திருடனுக்கும் அதுவும் பதில் இல்லை.

"12 டிபிக்கு பேக்கப் எடுக்க காசுக்கு எங்க போக?" இதுதான் எல்லாரும் கேக்கறது. சாமிகளா, 12 டிபியில உங்களோடது எவ்ளோ? போட்டோ, வீட்டு வீடியோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன், எழுதினது எல்லாம் கூட்டிப் பாருங்க. பெரும்பாலான வீட்ல 1 டிபி தாண்டாது. மீதி எல்லாம் மறுபடி இறக்கிக்கலாம். அதுக்கு ஒரு 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் போதும். முதல்ல அதை வாங்குங்க, காப்பி எடுங்க, நாலு ஃபைலை திறந்து பாருங்க, வயரைக் கழட்டி அலமாரியில வைங்க. அப்புறம் டிஸ்க்கை உருவுங்க. மாத்தி முடிச்சதும் மிஞ்சற 4 டிபி டிஸ்க்குகளை ஓஎல்எக்ஸ்ல வித்துடாதீங்க. நல்லா இருக்கறதா ஒண்ணை எடுத்து இன்னொரு காப்பி போட்டு ஊர்ல அம்மா வீட்ல வைங்க.

இனிமே நாஸை பெருசாக்கறது எப்படின்னு பதிவு போடறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். முதல் ஸ்டெப்பா "பேக்கப் எடு"ன்னு எழுதுங்க. கடைசியில சின்ன எழுத்துல இல்லை, முதல்ல.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "என்கிட்ட ரெய்டு இருக்கே"ன்னு பின்னூட்டம் போடறவங்க, மேல இருந்து மறுபடி படிக்கவும் :-)