பச்சோந்தியைப் பெட்டியில் அடைக்கலாமா?



போன ஐப்பசி மாதம் எங்கள் வேலியில் ஒரு பச்சோந்தி இருந்தது. ஓணான் இல்லை. இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றுமே, வாலைச் சுருட்டி வைத்திருக்குமே, அதுதான். அண்ணன் அதைப் பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டான். பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டது நான்தான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், நாலு வெட்டுக்கிளி, கொஞ்சம் இலை. இதுக்கு மேல என்ன வேணும் என்று நினைத்தோம்.

"சிவப்புத் துணியில வச்சா சிவப்பாயிடும் பாரு" என்றான் அண்ணன். ஆகவில்லை, கறுத்துப் போனது. தண்ணீரைத் தொடவே இல்லை. வயிறு மட்டும் உப்பியிருந்தது. மூன்றாம் நாள் பகலெல்லாம் பெட்டியின் அடியைப் பிறாண்டியது. தப்பிக்கப் பார்க்குது என்று மூடிமேல் செங்கல்லை வைத்தோம். கண்கள் குழி விழுந்தன. ஆறாம் நாள் செத்துப்போச்சு.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்தில் குடிக்காது. இலையில் நிற்கும் நீர்ச்சொட்டுகளைத்தான் நக்கிக் குடிக்கும். உடம்பில் தண்ணீர் வற்றினால் கண் குழி விழும். பெண் பச்சோந்தி முட்டையிட ஈரமண்ணைத் தோண்டும். மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிரை எடுத்துவிடலாம். எங்களுடையதும் முட்டையோடுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அது மண்ணைத் தேடியிருக்கிறது. நாங்கள் செங்கல் வைத்திருக்கிறோம்.

"வெளிநாட்டுல வளக்குறாங்களே?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். உண்மைதான். அங்கே நிறையப் பேர் வளர்ப்பது ஏமன் பச்சோந்தி. ஏமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் அதன் சொந்த ஊர். தலையில் கொண்டை போல உயர்ந்திருக்கும். குஞ்சாக இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம், ஆணுக்குப் பின்னங்கால் குதியில் சின்ன முள் இருக்கும். பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும், ஒரே தடவையில் 20, 30, அதற்கு மேலும் கூட! அதனால் ஈரமணல் தொட்டி வேண்டும். எலும்பு வளையாமல் இருக்கப் புற ஊதாக் கதிர் விளக்கும், பூச்சிமேல் தூவ கால்சியம் தூளும் வேண்டும். காற்றோட்டமான வலைக்கூண்டு வேண்டும். அதிலும் ஒன்றைத்தான் விடலாம், இன்னொன்றைப் பார்த்தாலே பயந்து நோவுபடும். அட்டைப்பெட்டியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடிப்பதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் விடவேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு என்ன தேவை என்று தெரியாமல் ஆசைப்படுவது பாசம் ஆகாது.

"பச்சோந்தி மாதிரி நிறம் மாறுறான்" என்று ஆளைத் திட்டுகிறோம். அது யாரையும் ஏமாற்ற நிறம் மாறுவதில்லை. வெயில், குளிர், கோபம், பயம் எல்லாவற்றுக்கும் மாறும். எங்கள் பெட்டியில் அது கறுத்தது பயத்தால்தான். நாங்கள் அதை வேடிக்கை பார்த்தோம்.

நண்பர்களே! வேலியில் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். ரோட்டைக் கடக்கத் தெரியாமல் ஆடி ஆடி நடந்தால், ஒரு குச்சியை நீட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். ஓரத்து மரத்தில் ஏற்றிவிட்டு வந்துவிடுங்கள். கல் எறிய வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி