ஆய்வகச் சோதனை ஓடும் இணைப்புக்கு ஆகாது

புதிய ஈதர்நெட் இணைப்பை ஏற்க ஆர்.எஃப்.சி. 2544 சோதனை ஒன்றே போதும் என்கிறார் நண்பர். ஒப்புக்கொள்ள முடியாது. 1999-இல் வந்த அந்த முறை, ஆய்வகத்தில் தனியாக வைத்த ஸ்விட்ச், ரூட்டர்களை அளக்க எழுதப்பட்டது. பிறருடைய டிராஃபிக் ஓடும் நெட்வொர்க்கில் அதை ஓட்டக் கூடாது என்று 2012-இல் ஆர்.எஃப்.சி. 6815 ஆவணம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கொள்ளளவு முட்டும்வரை ஃபிரேம்களைத் தள்ளினால் பக்கத்துப் பயனருக்குத்தான் அடி.

அதைவிடப் பெரிய குறை, 2544-இல் ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) அளவீடே இல்லை. குரல் அழைப்பு துண்டு துண்டாகக் கேட்பதற்கு ஜிட்டர் முக்கியக் காரணமல்லவா? 2011-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியு-டி பிரிவு தந்த ஒய்.1564 சோதனை முறை, குரல், வீடியோ, டேட்டா சேவைகளை ஒரே நேரத்தில் ஓட்டி, தாமதம், ஜிட்டர், இழப்பு மூன்றையும் ஒப்பந்த அளவோடு ஒப்பிடுகிறது. ஒய்.1564-க்கு அதிக நேரம் பிடிக்கும் என்பதும் தவறு. ஒவ்வொரு ஃபிரேம் அளவாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மணிக்கணக்கில் இழுப்பது 2544-தான்.

இணைப்பு வாங்குகிறவர்களே, ஒய்.1564 அறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.