கல்லுக்குக் கணக்கு எங்கே?



நமது கன்னியாகுமரி ஜில்லாவில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரையூர்களில் வருஷா வருஷம் ஒரே நாடகம் நடந்து வருகின்றது. ஆனி ஆடியில் கடல் ஏறுகின்றது; வீடு இடிகின்றது; பெண்டு பிள்ளைகள் பாயும் பாத்திரமுமாய் ஓடுகின்றார்கள். அதிகாரிகள் வருகின்றார்கள், பார்க்கின்றார்கள், போகின்றார்கள். பிறகு அலைத் தடுப்புச் சுவருக்கு இத்தனை கோடி, தூண்டில் வளைவுக்கு இத்தனை கோடி என்று சேதி வருகின்றது. சில வருஷத்தில் போட்ட கல் மணலுக்குள் போய்விட்டதென்று மறுபடியும் கல், மறுபடியும் டெண்டர்!

இதற்குச் சிலர் சொல்லும் சமாதானம், "கடல் தாயின் கோபம், நம் தலைவிதி" என்பதாகும். 2004 டிசம்பர் 26-ல் மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்த ஆழிப்பேரலை, கடலடிப் பூகம்பத்தால் வந்தது. வானம் தெளிந்திருக்கையிலேயே ஊருக்குள் புகும் 'கள்ளக்கடல்', தெற்கே வெகுதூரத்தில் வீசிய காற்று எழுப்பி அனுப்பிய அலையாகும். காரணம் தெரிந்த காரியத்துக்குக் கோபமென்று பெயர் வைப்பது, கணக்குக் கேட்க வேண்டியவனைக் கைகூப்ப வைக்கும் தந்திரமே ஒழிய வேறென்ன? கடல் கோபித்துக்கொண்டதென்றே வைத்துக்கொள்வோம். கல்லின் எடை குறைந்தால் அது யாருடைய கோபம்?

நிற்க, கல் விஷயத்தைப் பார்ப்போம். அலையின் உயரம் இரு மடங்கானால் அதைத் தாங்கும் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும் என்பது இஞ்சினீயர்கள் கணக்கு. ஒரு டன் கல் நிற்கிற இடத்தில் எட்டு டன் கல் தேவையாகிவிடும். அன்றியும், மணல் அரிக்காதபடி அடியில் விரிப்பும் சிறு கல்லும், மேலே பெருங்கல்லும், அலை அடிவாரத்தைத் தோண்டாதபடி முன்னால் காப்புக் கல்லும் வேண்டும். இவற்றில் எதைக் குறைத்தாலும் கண்டிராக்டருக்கு மிச்சம். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கோ எல்லாம் கல்தான்! தூண்டில் வளைவோ கரையோடு ஓடும் மணலை ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கத்தைப் பட்டினி போடக்கூடியது. ஓர் ஊருக்குப் போட்ட கல் அடுத்த ஊரை அரிக்குமானால், அந்த அடுத்த ஊரானை யார் கேட்டார்கள்?

வீட்டு விஷயமும் அப்படியே. ஆழிப்பேரலைக்குப் பின் 2005 மார்ச்சில் சர்க்கார் போட்ட உத்தரவின்படி வீட்டுக்கு 300 முதல் 325 சதுர அடி, செலவு ஒன்றரை லட்சம் ரூபாய். கடலுக்கு 200 மீட்டருக்குள் இருந்தவன் அப்பால் போக மறுத்தால் உதவி கிடையாது. வலையை எங்கே வைப்பது, வள்ளத்தை யார் பார்ப்பது என்ற கவலை வீட்டுக்குரியவனுக்கே விடப்பட்டது.

சட்டம் இல்லாமலில்லை. 1998-ம் வருஷத்து டெண்டர் சட்டமும் அதன் விதிகளும், டெண்டரை விளம்பரம் செய்யவும், விலை போட்டவர்கள் முன்னிலையில் திறக்கவும் சொல்கின்றன. இது யோக்கியமான ஏற்பாடென்றே ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் படுத்துறங்குகிறவன் முன்னிலையில் எதைத் திறக்கின்றார்கள்? பந்தல்காரனையும் சமையல்காரனையும் கலந்துகொண்டு, பெண்ணை மட்டும் கேட்காமல் நடத்தும் கல்யாணம் போலல்லவா இது இருக்கின்றது!

"மீன்பிடிக்கிறவனுக்கு இஞ்சினீயர் கணக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள். கரையில் மீன் ஏலம் எப்படி நடக்கின்றதென்று அவர்கள் பார்க்கட்டும். நூறு பேர் கண்ணெதிரே மீன் கிடக்கின்றது; விலை உரக்கக் கூறப்படுகின்றது. ஒரு கூடை மீனுக்கு இத்தனை வெளிச்சமிருக்கக் கோடிக்கணக்கான கல்லுக்கு ஏன் இருட்டு?

ஆகவே நாம் கோருவதாவது: வேலை தொடங்குமுன் கல்லின் எடை, அளவு, தொகை, எடுத்தவர் பெயர், முடியும் நாள் ஆகியவற்றை ஊர் நடுவில் பலகையில் எழுத வேண்டும். லாரி எடைச் சீட்டுகளை ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும். ஊரார் பார்வையிடாமல் கடைசிப் பில் பட்டுவாடா ஆகக்கூடாது.

அதுவரையில் நாம் சும்மாயிருக்க வேண்டியதில்லை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். காகிதம் மட்டுமல்ல; வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றுடன் கேட்டு வாங்கவும் அதில் உரிமையுண்டு. ஊருக்கு நாலு வாலிபர்கள் இதைச் செய்தால் போதும்.

நடுக்கடலில் புயலைக் கண்டு பயப்படாதவன், கரையில் ஒரு கணக்குப் புஸ்தகத்தைக் கண்டு பயப்படலாமா?